கொழும்பு வெக்கையும் வெள்ளமும்: வீடு, ஃபிளாட், தெரு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுப் பிளான் கீறுவது என் தொழில். குடியிருப்பது வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், நான்கு மாடித் தொடர்மாடியின் உச்சி வீட்டில். கோயில் வாசலில், கலியாணப் பந்தியில், லிஃப்ட்டுக்குக் காத்து நிற்கும்போது என்று எங்கே கண்டாலும் ஆட்கள் கேட்கிற கேள்விகளைக் கொஞ்ச நாளாகக் குறித்து வைத்தேன். அவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே தருகிறேன்.

கொழும்பு எப்போதும் வெக்கையான ஊர்தானே? இப்போது புதிதாக என்ன மாறிவிட்டது?

பகல் வெப்பமானியைப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. அன்றும் 31, 32 பாகை, இன்றும் அதற்குக் கிட்டத்தான். ஆனால் கொழும்பில் ஆளை வாட்டுவது வெயில் மட்டுமல்ல, புழுக்கம். காற்றில் ஈரம் கூடிப்போனால் வியர்வை உலராது. வியர்வை உலராவிட்டால் உடம்பு ஆறாது. பூமி ஒரு பாகை சூடானால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். அதே ஈரம்தான் ஒருநாள் புழுக்கமாக இருக்கிறது, இன்னொரு நாள் ஒரே மணித்தியாலத்தில் கொட்டித் தீர்க்கும் மழையாகிறது. வெக்கையும் வெள்ளமும் ஒன்றாக வந்து சேர்வது அதனால்தான். மார்ச், ஏப்ரலில் வளிமண்டலவியல் திணைக்களம் விடும் வெப்ப எச்சரிக்கையும் வெறும் வெப்பநிலையைச் சொல்வதில்லை. ஈரத்தையும் சேர்த்து உடம்பு எவ்வளவு சூட்டை உணரும் என்பதையே சொல்கிறது.

இதற்கு மேல் நாமே சேர்த்துக்கொண்ட சூடும் உண்டு. பகல் முழுக்கக் கொங்கிரீட்டும் தாரும் குடித்த வெயில் இரவில்தான் வெளியே வருகிறது. கடற்காற்று முன்பு காலி வீதி தாண்டி உள்ளே வரும். இப்போது மரீன் டிரைவ் ஓரத்தில் சுவர் எழுப்பியதுபோல மாடிகள் நிற்கின்றன.

எங்கள் வீடு உச்சி மாடி. இரவு பதினொரு மணிக்கும் அடுப்புக்குள் இருப்பதுபோல இருக்கிறது. ஏன்? என்ன செய்யலாம்?

என்னிடம் அதிகம் பேர் கேட்பது இதைத்தான். எனக்கும் இது சொந்தப் பிரச்சினை என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கொழும்பு கிட்டத்தட்ட 7 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஆண்டில் இரண்டு தடவை, ஏப்ரல் 7 அளவிலும் செப்டம்பர் 5 அளவிலும், மத்தியான வெயில் நேர் உச்சியில் நிற்கும். மற்ற மாதங்களிலும் அதிகம் சரியாது. அதனால் இங்கே ஒரு கட்டடத்தில் மிகக் கூடுதலாக வெயில் வாங்குவது கூரை. அதற்கு அடுத்ததுதான் மேற்குச் சுவரும் கிழக்குச் சுவரும். நம்மவர்கள் ‘பிளேட்’ என்று சொல்லும் கொங்கிரீட் கூரை நண்பகலில் 50 பாகைக்கு மேல் கொதிக்கும். அந்தச் சூடு ஐந்தங்குலக் கனத்தைக் கடந்து கீழே வரச் சில மணித்தியாலம் எடுக்கும். நீங்கள் வேலை முடிந்து வந்து கால் நீட்டும்போதுதான் அது உங்கள் தலைக்கு மேல் வந்து சேர்கிறது. ஒருநாள் இரவு கதிரையில் ஏறிச் சீலிங்கில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். நான் வைத்துப் பார்த்த இரவு மணி பத்தேமுக்கால். அப்போதுதான் தோசை எடுத்த கல்லுக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோன மாதிரி இருந்தது. மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளிக்கொண்டிருந்தது.

முதல் வேலை வெள்ளை பூசுவது. பாசி பிடித்த கருத்த கொங்கிரீட் வெயிலில் பெரும் பங்கை விழுங்கிவிடும். நல்ல வெள்ளைக் கூரைப் பூச்சு சுத்தமாக இருக்கும்வரை ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பி அனுப்பும். எங்கள் கட்டடத்தில் மாசி மாதத்து இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்களே பூசினோம். அன்றிரவே மாற்றம் தெரிந்தது. சீலிங் இளஞ்சூடாக மட்டும் இருந்தது.

ஆனால் ஒன்று. கொழும்பு மழைக்கு வெள்ளை நிற்காது. இரண்டாவது ஆண்டே மூலைகளில் கருப்புப் பாசி ஏறியது, மூன்றாவது ஆண்டில் பாதிக் கூரை பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. ஆண்டுக்கு ஒருமுறை, மார்ச் வெயில் தொடங்குமுன், தேய்த்துக் கழுவவேண்டும். இதைச் சொல்லாமல் பெயின்ட் விற்பவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு.

கொஞ்சம் செலவழிக்க முடிந்தால் இன்னும் நல்ல வழி இருக்கிறது. கொங்கிரீட்டுக்கு மேல் 25 மில்லிமீட்டர் கனமுள்ள நுரைத் தாள் விரித்து, அதன்மேல் மெல்லிய கொங்கிரீட் போட்டு மூடலாம். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இந்த முறையை நம் காலநிலைக்கே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பாசி பிடித்தாலும் இதன் பலன் போகாது. எதைச் செய்வதற்கும் முன்பு ஒழுக்கு இருந்தால் அதை அடைத்துவிடுங்கள். ஒழுகும் பிளேட்டுக்கு மேல் எதை விரித்தாலும் உள்ளே கம்பி துருப்பிடித்துக்கொண்டே இருக்கும்.

வெறும் சுண்ணாம்பு அடித்தால் போதாதா?

போதும், ஒரு பருவத்துக்கு. மழை தொடங்கியதும் கழுவிக்கொண்டு போய்விடும். கையில் காசில்லை என்றால் ஏப்ரலைக் கடக்கச் சுண்ணாம்பு மிக நல்ல வழி.

எங்கள் கூரை அஸ்பெஸ்டஸ் சீட். கழற்றிவிடவா?

அவசரப்பட்டு உடைக்காதீர்கள், அதுதான் ஆபத்து. உடையாத சீட் சும்மா கிடக்கும்வரை பெரிய தொல்லை தராது. அறுக்கும்போது, துளைக்கும்போது, காய்ந்த தூரிகையால் தேய்க்கும்போது, வேகத் தண்ணீர் அடித்துக் கழுவும்போது கண்ணுக்குத் தெரியாத நார்கள் பறக்கும். அவை நுரையீரலுக்குள் போனால் பல பத்தாண்டு கழித்துப் புற்றுநோயாக வரலாம். வெள்ளை அஸ்பெஸ்டஸ் பாதுகாப்பானது என்று கடையில் சொல்வார்கள்; உலக சுகாதார நிறுவனம் எல்லா வகையையும் புற்றுநோய்க் காரணி என்றுதான் வைத்திருக்கிறது. மாற்றும் நாள் வரும்போது சீட்டை நனைத்து, முழுதாக இறக்கி, முகமூடி போட்டு, பிளாஸ்டிக் தாளில் சுற்றுங்கள். அதுவரை நனைத்து மெதுவாகத் துடைத்து வெள்ளை பூசலாம். சூடும் குறையும், மேற்பரப்பும் கட்டிப்போகும். அடியில் ஒரு சீலிங்கும், சீலிங்குக்கு மேல் காற்றுப் போக இரண்டு பக்கமும் வழியும் இருந்தால் இன்னும் நல்லது.

ஏசி வாங்குவது பாவமா?

பாவம் என்று நான் சொல்லமாட்டேன். வயதானவர்களும் கைக்குழந்தையும் உள்ள வீட்டில் ஏப்ரல் இரவு ஒன்றை ஏசி இல்லாமல் கழிப்பது சில வேளை ஆபத்தாகவே முடியும். ஆனால் வரிசை முக்கியம். முதலில் கூரை, பிறகு மேற்கு யன்னலுக்கு நிழல், பிறகு மின்விசிறி, கடைசியில் ஏசி. முன்னதைச் செய்தவருக்குச் சின்ன ஏசி போதும்.

கணக்கைப் பாருங்கள். சாதாரணச் சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். புதிதாக வரும் பிஎல்டிசி ஃபேன் 30 வாட் அளவில் அதே காற்றைத் தரும். 12,000 பிடியூ, அதாவது ஒரு டன், ஏசி ஓடும்போது ஒரு கிலோவாட் வரை போகும். இரவு எட்டு மணித்தியாலத்துக்கு ஃபேன் அரை அலகுக்குச் சற்று மேல் இழுத்தால், ஏசி அதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் இழுக்கலாம். மாதம் 60 அலகைத் தாண்டினால் கட்டண வரிசையே மாறிவிடும், 180ஐத் தாண்டினால் கடைசிப் படி. மின்பட்டியல் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஏசியை 26இல் வைத்து ஃபேனையும் மெதுவாக ஓடவிடுங்கள். காற்று அசைந்தாலே உடம்புக்கு இரண்டு மூன்று பாகை குறைந்ததுபோல இருக்கும்.

வாங்கும்போது உள்ளே என்ன வாயு என்று கேளுங்கள். ஆர்-410ஏ கசிந்தால் அதே எடைக் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 2,000 மடங்கு சூடாக்கும். ஆர்-32 அதில் மூன்றில் ஒன்று. இப்படிப்பட்ட வாயுக்களைக் குறைக்கும் கிகாலி உடன்பாட்டை இலங்கை 2018இலேயே ஏற்றுக்கொண்டது. இன்னொன்று, வெளிப்பெட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நம் அறைச் சூட்டை அது பக்கத்து வீட்டு யன்னலுக்குள் ஊதிக்கொண்டிருந்தால், அவர்களும் ஏசி வாங்குவார்கள்.

பத்துப் பேர்ச்சஸ் காணியில் புது வீடு கட்டப்போகிறோம். பிளான் கீறுமுன் என்ன யோசிக்கவேண்டும்?

யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டில் மத்தியானம் படுத்து எழும்பியவர்களுக்கு விடை உடம்பிலேயே இருக்கிறது. நடு முற்றத்திலிருந்து சூடான காற்று மேலே போகும். அந்த இடத்துக்கு விறாந்தை வழியே நிழற்காற்று உள்ளே வரும். சுற்றியுள்ள கூரை தாழ இறங்கிச் சுவரை மறைக்கும். கதவு யன்னலுக்கு மேலே மரத்தில் குடைந்த துளைகள் இரவிலும் மூடாது. அது பெரிய காணிக்குத்தான் சரிவரும், கொழும்புக்கு ஆகாது என்பார்கள். அது சரியல்ல. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் பத்திக் கலைஞர் ஈனா டி சில்வாவுக்குக் கட்டிய வீடு நகரத்துக் காணியில்தான் நின்றது. வெளிச்சுவரை எல்லை வரை கொண்டுபோய், திறந்த வெளியை வீட்டுக்குள்ளே முற்றமாக எடுத்துக்கொண்டார். பாகத்தலே வீதிப் பக்கம் அவர் வாழ்ந்த வீட்டை இன்றும் போய்ப் பார்க்கலாம். ஒரு சின்ன முற்றம், அதில் விழும் வெளிச்சம், இருண்டு குளிர்ந்த நடைவழி. பிளான் கீறவந்த பலரை முதலில் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

நடைமுறைக்கு வருவோம். நீளமான சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்கட்டும். வெயில் உயரத்தில் போவதால், மூன்று அடி நீட்டிய தாழ்வாரம் டிசம்பர் மத்தியானத்திலும் தெற்குச் சுவரில் ஐந்து அடியை நிழலில் வைக்கும். மேற்கே தாழ்வாரம் உதவாது. மாலை வெயில் அடியால் நுழையும். அந்தப் பக்கம் குளியலறை, மாடிப்படி, சாமான் அறை வையுங்கள். ஒவ்வொரு அறைக்கும் இரண்டு பக்கத் திறப்பு வேண்டும். காற்று உள்ளே வர ஒரு வழி, வெளியே போக ஒரு வழி. ஒரே யன்னலை எவ்வளவு பெரிதாக வைத்தாலும் காற்று வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைக்காரருக்கு ஒரு தனிச் சிக்கல். கடற்காட்சி, கடற்காற்று, கொடுமையான மாலை வெயில் மூன்றும் ஒரே பக்கத்தால் வருகின்றன. அதற்குக் கண்ணாடிச் சுவர் வைத்தால் காட்சியும் வெயிலும் உள்ளே வரும், காற்று மட்டும் வெளியே நிற்கும். ஆழமான பல்கனியும், இறக்கி ஏற்றும் தட்டியும் வைத்தால் மூன்றையும் சமாளிக்கலாம்.

முற்றத்தையும் வாகனம் நிற்கும் இடத்தையும் முழுக்கச் சீமெந்து போட்டு மூடாதீர்கள். பத்துப் பேர்ச்சஸ் என்பது 253 சதுர மீட்டர். ஒரு மணித்தியாலத்தில் 50 மில்லிமீட்டர் மழை கொட்டினால் அந்தக் காணியில் மட்டும் 12,000 லீட்டருக்கு மேல் தண்ணீர். மண் குடிக்காததை எல்லாம் ஒழுங்கைக் கான் குடிக்கவேண்டும், அதனால் முடியாது.

பழைய வீட்டை இடித்துப் பசுமை வீடாகக் கட்டலாமா?

முடிந்தவரை இடிக்காதீர்கள். உலகக் கரியமில வாயுவில் 7, 8 சதவீதம் சீமெந்தால் மட்டும் வருகிறது. சுண்ணாம்புக் கல்லைச் சுடும்போது கல்லுக்குள் இருக்கும் வாயுவே வெளியே வருகிறது, எரிபொருள் புகை அதற்கு மேல். நிற்கிற சுவருக்கான கணக்கு எப்போதோ முடிந்துவிட்டது. கூரையைச் சரிப்படுத்தி, யன்னலைப் பெரிதாக்கி, பின்பக்கம் அடைத்த தகரத்தைக் கழற்றினாலே பல வீடுகள் புது வீடாகிவிடும்.

மண் கல் நம்பலாமா?

நம்பலாம். மண்ணோடு கொஞ்சம் சீமெந்து சேர்த்து அழுத்திய கல்லுக்கு இலங்கைத் தர நியமமே இருக்கிறது. சாரல் அடிக்காத தாழ்வாரமும் ஈரம் ஏறாத அத்திவாரமும் கட்டாயம். பழகிய மேசன் பாஸ் (கொத்தனார்) கிடைப்பதுதான் சிரமம்.

வெல்லம்பிட்டியில் மலிவாகக் காணி வருகிறது. வெள்ளம் வருமா?

வரும் என்றே வைத்துக்கொண்டு யோசியுங்கள். என் சித்தி வீடு அங்கேதான். 2016 மே வெள்ளம் வடிந்து நாங்கள் போனபோது முன் அறைச் சுவரில், கலண்டர் தொங்கிய உயரத்துக்கு, நேர்கோடு இழுத்ததுபோல ஒரு பழுப்பு வரி. கலண்டரின் மேல் பாதி நல்லபடி இருந்தது, கீழ்ப் பாதி கூழ். மூன்று தடவை பெயின்ட் அடித்தாயிற்று. மாரி காலத்தில் சுவர் ஈரம் வாங்கும்போது அந்த வரி மெல்லத் தெரியத்தான் செய்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு களனி கங்கை மறுபடி கரை மீறியபோது சித்திக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. காணி உறுதியும் மருந்தும் ஏற்கெனவே மேல்தட்டில் இருந்தன.

அங்கே குடியிருப்பவர்களுக்குச் சில வேலைகள். பிளக் பொயின்ட்டுகளை ஐந்து அடி உயரத்துக்கு ஏற்றுங்கள், கீழ்த்தளத்துக்குத் தனிச் சுவிட்ச் வையுங்கள். சமையலறைக் கீழ்த்தட்டுகளைப் பலகையில் அல்ல, சீமெந்தில் செய்யுங்கள். கழிவறைக் குழாயில் ஒருவழி வால்வு பூட்டுங்கள். வெள்ளத்தில் அழுக்குத் தண்ணீர் முதலில் அதன் வழியாகத்தான் வீட்டுக்குள் வரும். நீர்ப்பாசனத் திணைக்களம் நாகலகம் வீதி அளவுகோலில் களனி கங்கையின் உயரத்தை அடியில் சொல்லும். 4 அடி எச்சரிக்கை, 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பெரு வெள்ளம். வானொலியில் ‘நாகலகம் வீதி’ என்ற பெயர் கேட்டால் சத்தத்தைக் கூட்டுங்கள்.

புதிதாகக் கட்டுபவர் காணியை மண் போட்டு உயர்த்தாமல் வீட்டைத் தூணில் உயர்த்தவேண்டும். நீங்கள் மண் நிரப்பினால் உங்கள் காணியில் நிற்கவேண்டிய தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும். அடியில் இருப்பது கறுப்புச் சேறு, அதனால் நிரப்பிய நிலம் அமர அமரச் சுவரும் வெடிக்கும்.

சதுப்பு நிலத்தைக் காப்பது பறவை பார்ப்பவர்களின் வேலை அல்லவா?

இல்லை. கொழும்பின் பெரிய மழைத்தாங்கி அதுதான். கொலன்னாவை, கோட்டே, தலவத்துகொட, பெல்லன்வில, அத்திடிய என்று நகரைச் சுற்றிக் கிடக்கும் தாழ்நிலங்கள் மழை கொட்டும்போது தண்ணீரை வாங்கி வைத்து, கால்வாய்கள் இளைப்பாறியதும் மெதுவாக விடுகின்றன. 2018இல், ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் உடன்படிக்கையின் கீழ், உலகின் முதல் 18 ஈரநில நகரங்களில் ஒன்றாகக் கொழும்பு தெரிவானதும் இவற்றால்தான். இவை எல்லாம் போய்விட்டால் வெள்ளச் சேதம் ஆண்டுக்குச் சராசரியாகக் கொழும்பு உற்பத்தியில் ஒரு சதவீதத்தைத் தின்னும் என்று உலக வங்கி ஆய்வு ஒன்று கணக்கிட்டது. 2010 நவம்பரில் ஒரே இரவு மழையில் தியவன்னா ஓயா நடுவே உள்ள பாராளுமன்றத்துக்குள்ளேயே தண்ணீர் வந்தது.

ஒரு மாலை பத்தகானைப் பூங்காவின் பலகைப் பாதையில் பிள்ளைகளோடு நடந்து பாருங்கள். வீதியிலிருந்து உள்ளே நுழைந்த சில நிமிடத்தில் தோலில் குளிர் தெரியும். அந்தக் குளிருக்கும் யாரும் கரண்ட் பில் கட்டுவதில்லை. லொறி லொறியாகக் கட்டட இடிபாடு கொண்டுவந்து இரவில் சதுப்பில் கொட்டுவதைப் பார்த்தால் உங்கள் உள்ளூராட்சிச் சபைக்குச் சொல்லுங்கள்.

மழைநீர் சேகரித்தால் டெங்கு வராதா?

மூடாத தாங்கியில் வரும், மூடியதில் வராது. இலங்கைக்கு 2005இலிருந்தே மழைநீர்க் கொள்கை உண்டு, பழக்கம்தான் இல்லை. கொழும்பில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்யும். 100 சதுர மீட்டர் கூரைக்கு அது 2,40,000 லீட்டர். சிந்தியது, கழித்தது போக ஐந்தில் நான்கு பங்கு கைக்கு வரும். பீலியில் சருகு நிற்காமல் சரிவு வையுங்கள். முதல் பத்து நிமிட மழையை வெளியே விட்டுவிடுங்கள், கூரைத் தூசியும் காக எச்சமும் அதில்தான் வரும். தாங்கியின் வாய்க்கும் வழிந்தோடும் குழாய்க்கும் நுண்வலை கட்டுங்கள். பலர் இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். நுளம்பு அதன் வழியாகத்தான் போகிறது. கழிவறைக்கும் உடுப்புத் தோய்க்கவும் அந்தத் தண்ணீர் தாராளம். களனி வற்றும் காலத்தில், நகருக்குக் குடிநீர் எடுக்கும் அம்பத்தளை வரை கடல் உப்பு ஏறுவதை நினைத்தால், இன்னொரு வழியில் தண்ணீர் இருப்பது நல்லது.

தொடர்மாடியில் சோலார் போடலாமா? இன்னும் இலாபமா?

போடலாம். மொட்டை மாடி எல்லோருக்கும் பொது என்பதால் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின், அதாவது வீட்டுச் சொந்தக்காரர்கள் சேர்ந்த சபையின், தீர்மானம் வேண்டும். சண்டையில்லாத வழி, பொது மீட்டருக்கு மட்டும் போடுவது. லிஃப்ட், தண்ணீர் மோட்டார், மாடிப்படி விளக்கு ஆகியவற்றின் செலவு குறைந்தால் மாதப் பராமரிப்புக் காசும் குறையும். ஒரு கிலோவாட்டுக்கு ஐந்தாறு சதுர மீட்டர் இடம் போகும், மாதம் 110, 120 அலகு கிடைக்கும். தட்டுகளின் நிழலில் கூரையும் ஆறும். மேல்மாடிக்காரருக்கு அது இரண்டாவது இலாபம்.

முன்பு பகல் மின்சாரத்தை விற்றுக் காசு பார்ப்பதுதான் எண்ணமாக இருந்தது. இப்போது நிலைமை வேறு. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே கேட்டது; தொழிற்சாலையும் அலுவலகமும் மூடியிருந்தபோது வெயில் மின்சாரத்தை வாங்க ஆள் இல்லை. ஆகவே விற்கும் கணக்கைவிடப் பாவிக்கும் கணக்கைப் பாருங்கள். தண்ணீர் மோட்டாரை மத்தியானம் ஓட்டித் தாங்கியை நிரப்புங்கள், உடுப்பு மெஷினைப் பகலில் போடுங்கள்.

‘கிரீன்’ சான்றிதழ் உள்ள உயர்மாடியில் வீடு வாங்கலாமா?

சான்றிதழ் நல்லதுதான். இலங்கைப் பசுமைக் கட்டடப் பேரவையின் மதிப்பீடு வாங்கியிருந்தால் யாரோ ஒருவர் தண்ணீர், மின்சாரக் கணக்கைப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். ஆனாலும் நீங்களே ஒரு மத்தியானம் போய் நில்லுங்கள். நடைவழியில் பகலில் விளக்கு எரிகிறதா? சமையலறைக்கு வெளி யன்னல் உண்டா? யன்னல் முழுதாகத் திறக்குமா, நான்கங்குலம் மட்டும் சாயுமா? கரண்ட் போனால் லிஃப்ட்டும் தண்ணீர் மோட்டாரும் எத்தனை மணித்தியாலம் ஓடும்? 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கமுடியாது. ஒன்பதாம் மாடிக்கு இரண்டு கையிலும் தண்ணீர்க் கேனோடு ஏறிய ஒரு மாமியை, மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்கிய அந்த முகத்தை, எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

உயரமாகக் கட்டினால் ஏசி இல்லாமல் முடியாது என்பதையும் நம்பாதீர்கள். 1970களின் பிற்பகுதியில் பாவா அரச ஈட்டு வங்கிக்காக வரைந்த 12 மாடிக் கட்டடம், ஒடுங்கிய வடிவம், காற்றுக்கு முகம், யன்னலைச் சாத்தினாலும் அடியால் காற்று நுழையும் வழி என்று யோசித்துக் கட்டியது. அதற்குப் பிறகு வந்த நாம்தான் குளிர்நாட்டுக் கண்ணாடிப் பெட்டிகளைக் கொண்டுவந்து வெயிலில் வைத்தோம்.

தோட்டத்து வீடுகளை இடித்து மாடி கட்டிக் கொடுப்பதும் இதில் சேருமா?

கொழும்பில் ‘தோட்டம்’ என்பது ஏழைகளின் நெருக்கமான குடியிருப்பு. வெள்ளமும் ஒழுக்கும் பொதுக் கழிவறையும் உள்ள தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்குச் சொந்தக் கழிவறையும் உறுதியான கூரையும் கிடைப்பது பெரிய விஷயம். அதை யாரும் குறைத்துப் பேசக்கூடாது. 2001இல் சகஸ்புர மாடிக் குடியிருப்பு தொடங்கி வனாத்தமுல்லை, தெமட்டகொட, முகத்துவாரம் எங்கும் மாடிகள் எழுந்திருக்கின்றன. ஆனால் தோட்டத்தில் வாசற்படிதான் கடை, முடுக்குதான் சமையற்கட்டு. விடியற்காலையில் இடியப்பம் அவித்து வாசலில் விற்று வாழ்ந்த அக்காவுக்கு எட்டாம் மாடியில் யார் வாடிக்கை? இரண்டு பக்கமும் வீடு, நடுவே இருண்ட நடைவழி என்றால் காற்று எங்கே போகும்? கதவைத் திறந்து வைத்தால் மானம் போகிறது, சாத்தினால் மூச்சு முட்டுகிறது. ஒரு பெண் என்னிடம் அப்படித்தான் சொன்னார். நாலைந்து மாடியில், ஒரு பக்கம் மட்டும் வீடு வைத்து மறுபக்கம் திறந்த விறாந்தையாக விட்டு, கீழ்த்தளத்தைத் தொழிலுக்குக் கொடுத்தால் லிஃப்ட் செலவும் குறையும், காற்றும் வரும், பிழைப்பும் போகாது. காணி கூடுதலாக வேண்டும் என்பார்கள். அந்தக் காணி எப்போதும் அவர்கள் இருந்த காணிதானே.

மரம் விழுந்து ஆள் சாகிறதே. இன்னும் மரம் நடச் சொல்கிறீர்களா?

2023 அக்டோபரில் கொள்ளுப்பிட்டியில் பஸ் மேல் மரம் விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். அந்தப் பயத்தில் அதற்குப் பிறகு நல்ல மரங்களும் வெட்டப்பட்டன. மரத்தின் அடியைக் கழுத்தை நெரிப்பதுபோலத் தாராலும் சீமெந்தாலும் மூடி, கான் வெட்டும்போது ஒரு பக்க வேரை அறுத்துவிட்டு, காற்றில் விழுந்தால் மரத்தைக் குற்றம் சொல்கிறோம். வேருக்கு மண் விடுங்கள், ஆண்டுக்கு ஒருமுறை தெரிந்தவரைக் கொண்டு சோதித்துக் கிளை கழியுங்கள். சின்ன ஒழுங்கைக்கு வேம்பு, நாவல், மகிழ் போதும்.

இலங்கை வெளியிடும் புகை எவ்வளவு? நாம் திருந்தி என்ன ஆகப்போகிறது?

ஆளுக்கு ஆண்டுக்கு ஒரு தொன் அளவு கரியமில வாயு. உலகச் சராசரியில் ஐந்தில் ஒன்றுக்குக் கிட்ட. உண்மைதான், நாம் மட்டும் குறைத்து உலகம் குளிராது. நான் மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை உங்கள் அம்மா இரவில் தூங்குவதற்கும் உங்கள் ஒழுங்கையில் தண்ணீர் நிற்காமல் இருப்பதற்கும்தான்.

வாடகை வீடு. வீட்டுக்காரர் ஆணி அடிக்கவே விடமாட்டார். எங்களால் என்ன முடியும்?

மேற்கு யன்னலுக்கு உள்ளே திரை போடுவதைவிட வெளியே மறைப்பது பல மடங்கு நல்லது. கண்ணாடியைத் தாண்டிய வெயில் பிறகு வெளியே போகாது. மூங்கில் தட்டி ஒன்றை வாங்கி, யன்னல் கம்பியிலேயே கயிற்றால் கட்டித் தொங்கவிடுங்கள். பிற்பகல் இரண்டு மணிக்கு இறக்கி, வெயில் சாய்ந்ததும் சுருட்டுங்கள். இரவு வெளிக்காற்று ஆறிய பிறகு ஒரு மேசை விசிறியை யன்னலுக்கு முதுகு கொடுத்தல்ல, யன்னலைப் பார்க்க வைத்து ஓட்டினால் அறைச் சூட்டை வெளியே தள்ளும். எதிர்ப்பக்க யன்னலால் புதுக்காற்று வரும். நுளம்பு வலை காற்றைக் கணிசமாகக் குறைக்கும் என்பதால் வாரம் ஒருமுறை தூசி தட்டுங்கள். ஆணி ஒன்றுகூடத் தேவையில்லை. வீடு மாறும் நாளில் கயிற்றை அவிழ்த்து, தட்டியைச் சுருட்டி லொறியில் போட்டுக்கொண்டு போகலாம்.